ஆக்ஸில் சீல் ஒழுகினால் 140 ஆயில் தீர்வல்ல

மேட்டுப்பாளையம் – கோத்தகிரி சாலையில் பல வருடங்களாக நான் ஓட்டிவருவது ஒரு பின்சக்கர டிரைவ் டீசல் வண்டி. பின்னால் டிரம் பிரேக், நடுவில் எஞ்சின் சக்தியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் தொகுதியான டிஃபரன்ஷியல், இரண்டு பக்கமும் சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸில் தண்டு என்று பழைய அமைப்பு. உள்ளிருக்கும் எண்ணெய் ஆக்ஸில் வழியாக வெளியே வராமல் தடுக்கும் வளையம்தான் ஆக்ஸில் சீல். இந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர் யாரும் என்றைக்காவது பின் டயரின் உள்பக்கத்தில் எண்ணெய்க் கறையைப் பார்த்தே தீருவார். உடனே யாராவது சொல்வார்கள்: "90 ஆயிலை இறக்கிட்டு 140 ஊத்துங்க, நின்னுடும்." இவை கியர் ஆயிலின் தடிமன் எண்கள், எண் கூடினால் எண்ணெய் தடிக்கும்.

நிற்காது. சீலின் உதடு, அதாவது ஆக்ஸிலைத் தொட்டிருக்கும் அதன் ஓரம், தேய்ந்துபோன பிறகு, சூடேறி இளகிய 140-ம் அதே வழியாகத்தான் வரும். அதோடு, மலையில் குளிர்ந்த காலையில் தடித்த எண்ணெய் மெதுவாகவே நகரும். டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீல் வாரியிறைக்கும் எண்ணெயை நம்பித்தான், அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனின் பேரிங்குகள் இருக்கின்றன. கம்பெனி கையேடு 140 கேட்டிருந்தால் தாராளமாக ஊற்றலாம். கசிவுக்கு மருந்தாக ஊற்ற வேண்டாம்.

முதலில், ஒழுகுவது என்ன என்று பாருங்கள். கியர் ஆயில் பிசுபிசுவென்று இருக்கும், கந்தக வாடை மூக்கில் ஏறும். பிரேக் ஃப்ளூயிட் தண்ணீர் போல ஓடும், அந்த வாடை இருக்காது. அது வந்தால் பிரச்சினை வீல் சிலிண்டரில், ஆக்ஸிலில் இல்லை.

கியர் ஆயில்தான் என்றால், சீலைத் தொடுவதற்கு முன் காற்று வெளியேறும் வழியான பிரீதரைப் பாருங்கள். டிஃபரன்ஷியலின் கூடான ஹவுசிங்கின் மேலே சின்ன மூடியோ ரப்பர் குழாயோ இருக்கும். அதில் சேறு அடைத்துக்கொண்டால், ஏற்றத்தில் சூடாகி விரியும் காற்றுக்கு வெளியே போக வழியில்லை. அழுத்தம் ஏறி, சீலின் ஓரமாக எண்ணெயைத் தள்ளும். இரண்டு சக்கரமும் பினியன் பக்கமும் ஒரே சமயத்தில் கசியத் தொடங்கினால் எனக்கு முதல் சந்தேகம் பிரீதர் மேல்தான். கழற்றிக் கழுவிப் போட அதிக நேரம் ஆகாது. லெவலுக்கு மேல் எண்ணெய் ஊற்றியிருந்தாலும் இதே கதைதான்.

என் வண்டியில் இடது பக்கம் ஒழுகியபோது ஒரு பட்டறையில் புது சீல் போட்டுக் கொடுத்தார்கள். சில வாரங்களில் மறுபடியும் ஈரம். வேறொரு மெக்கானிக் அண்ணன் ஆக்ஸிலை உருவி, சீல் உட்காரும் இடத்தில் நகத்தை வைத்து இழுத்துக் காட்டினார். நகம் மாட்டியது. பழைய சீல் அந்த இடத்தில் பள்ளம் போட்டிருந்தது. அதே பள்ளத்தில் உட்கார்ந்தால் எந்தப் புது உதடும் இறுகாது. பள்ளத்தை மூடும்படி மெல்லிய ஸ்லீவ் (உலோக உறை) ஏற்றலாம், அல்லது ஆக்ஸிலை மாற்றலாம். சில வண்டிகளில் சீலைக் கொஞ்சம் முன்பின்னாக அடித்து, உதடு தேயாத இடத்தில் படும்படி செய்யலாம். எங்களுக்கு ஸ்லீவ் போதுமானதாக இருந்தது. வீல் பேரிங்கிலும் ஆட்டம் இருந்ததால் அதையும் மாற்றினோம். ஷாஃப்ட் ஆடிக்கொண்டிருந்தால் சீல் என்ன செய்யும்? அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ஈரமே இல்லை.

பொருத்தும்போது நான் பக்கத்திலேயே நிற்பேன். சீலின் உதட்டில் கொஞ்சம் கியர் ஆயில் தடவ வேண்டும். ஆக்ஸிலைத் தூக்கிப் பிடித்தபடி உள்ளே விட வேண்டும். அதன் பல் நுனி உரசினால் புது சீல் அங்கேயே கிழிந்துவிடும்.

கசிந்த எண்ணெயைக் குடித்த பிரேக் லைனரை (பிரேக் ஷூவின் மேல் இருக்கும் உராய்வுப் பட்டை) பெட்ரோலில் கழுவி, எமரி தேய்த்து மறுபடி மாட்டுவது நம்மூரில் சாதாரணம். தயவுசெய்து அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். டிரம் சூடானால் உள்ளே ஊறிய எண்ணெய் மறுபடி மேலே வரும். இறக்கத்தில் ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி இழுக்கும். இரண்டு பக்க ஷூவையும் சேர்த்தே மாற்றுங்கள்.

இப்போது எண்ணெய்க்கு வருகிறேன். இந்த வகை டிஃபரன்ஷியலில் பினியன், கிரவுன் வீலின் மையத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கும். பற்கள் உருள்வதோடு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவும் செய்வதால் எண்ணெய்ப் படலம் நசுங்கும். அங்கே காப்பது கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம். கியர் ஆயில் டப்பாவில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று தரம் போட்டிருக்கும். அந்தச் சேர்மானம் போதுமான அளவு இருப்பது ஜிஎல்-5 தரத்தில். ஜிஎல்-4 இங்கே பற்றாது. மிச்சமிருக்கிறதே என்று அந்த ஜிஎல்-5 எண்ணெயை, ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்ஸில் ஊற்றக் கூடாது. அங்கிருக்கும் பித்தளை வளையங்களுக்கு அது ஆகாமல் போகலாம்.

தடிமனைப் பொறுத்தவரை எனக்கு 80டபிள்யூ-90 போதும். டபிள்யூ போட்ட எண் குளிருக்கானது, 80டபிள்யூ என்பது மைனஸ் 26 டிகிரி வரைக்குமான கணக்கு. ஊட்டியில் உறைபனி விழும் இரவிலும் சுமார் பூஜ்யம்தான். ஆகவே குளிருக்காக மட்டும் 75டபிள்யூ-90 சிந்தெடிக் வாங்கத் தேவையில்லை. நானும் ஊற்றிப் பார்த்தேன், மைலேஜில் வித்தியாசம் தெரியவில்லை. நிறைய பாரம் ஏற்றி தினமும் மலையேறுபவர்களுக்கு அது சூட்டைத் தாங்குவது உதவும். அப்புறம், 90 என்பதை எஞ்சின் ஆயில் எண்ணோடு ஒப்பிட வேண்டாம், அளவுகோலே வேறு. 100 டிகிரி சூட்டில் கியர் ஆயில் 90, எஞ்சின் ஆயில் 40-க்கும் 50-க்கும் பக்கத்தில்தான் வரும்.

மாற்றும்போது ஊற்றும் பிளக்கைத்தான் முதலில் கழற்ற வேண்டும். அது துருப்பிடித்துத் திறக்காமல் போனால், எண்ணெயை வடித்துவிட்ட வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். டிரெய்ன் பிளக் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் வழக்கமான தேய்மானம். கையில் நெருடும் துண்டு இருந்தால் உள்ளே திறந்து பார்க்க வேண்டும். எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சமதளத்தில் நிறுத்தி, ஊற்றும் துளையின் விளிம்பில் வழியும் வரை ஊற்றினால் லெவல் சரி.