பழைய புடவைக்குப் பாத்திரமா, போர்வையா?

பீரோவை ஒழிக்க உட்கார்ந்தால் சட்டை, பேன்ட், சுடிதார் எல்லாம் சட்டென்று பிரிந்துவிடும். வேலை நின்றுபோவது புடவை வரிசைக்கு வரும்போதுதான். ஐந்தரை மீட்டர் துணி. கொசுவம் வரும் இடத்தில் நைந்திருக்கும், கீழ்க்கரை உரசி உரசிப் பிரிந்திருக்கும், ஆனால் முந்தானைப் பக்கம் நேற்று வாங்கியது மாதிரி இருக்கும். கட்டவும் முடியாது, போடவும் மனசு வராது. சரி, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மறுபடி மடித்து உள்ளேயே வைத்துவிடுவோம்.

நம் ஊரில் இதற்கு இருக்கும் வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். பாத்திரக்காரரிடம் போட்டு எவர்சில்வர் வாங்கலாம், யாருக்காவது கொடுக்கலாம், வெட்டித் தைத்து வேறொன்றாக்கலாம், பட்டாக இருந்தால் ஜரிகைக்கு விற்கலாம். எது உசத்தி என்று நாலு பெண்கள் கூடிய இடத்தில் கேட்டுப் பாருங்கள், நாலு பதில் வரும். நாலுமே சரியாகவும் இருக்கும், ஏனென்றால் நாலு பேர் மனதிலும் இருப்பது நாலு விதமான புடவை. என் கணக்குப்படி இதைத் தீர்மானிக்க வேண்டியது பாசமும் இல்லை, வாங்கின விலையும் இல்லை. நூல்தான். பருத்தியா, பாலியஸ்டரா, பட்டா என்று தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாதபடி கலப்புத் துணிகள் வந்துவிட்டதால் ஒரு சின்னச் சோதனை செய்துவிடுவது நல்லது. முந்தானை ஓரத்திலிருந்து இரண்டு இழை உருவி, தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்று, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாடையோடு எரிந்து சாம்பலாகும். பட்டில் முடி கருகும் நாற்றம் வரும், மிச்சத்தைக் கிள்ளினால் பொடியும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறினதும் கெட்டியான மணியாக நிற்கும். சாம்பலும் மணியும் சேர்ந்து வந்தால் கலப்பு.

கொளுத்துவது பற்றிப் பேச்சு வந்ததால் போகியை இங்கேயே முடித்துவிடலாம். பழையன கழிக்க நமக்கென்று ஒரு நாளே இருக்கிறது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பழக்கம் வந்தபோது வீட்டில் இருந்தது பாயும் பருத்தியும் ஓலையும். இன்றைய புடவைகளில் பலவும் பிளாஸ்டிக் நூல். 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமாயின, சில வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. இந்த வழியை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை.

பாத்திரக்காரர்

பழைய துணிக்குப் பாத்திரம் வாங்குவதில் ஒரு தனி ருசி உண்டு. காசு கைமாறாமல் ஒரு தூக்குவாளி வீட்டுக்குள் வருகிறது. அதைவிட முக்கியம், அன்றைக்கே இடம் காலியாகிவிடும். ஒழிக்கும் வேலையில் இந்த வேகத்துக்கு ஈடு எதுவும் இல்லை.

ஆனால் பாத்திரக்காரர் எதைத் தேடுகிறார் என்று கவனித்தால் பேரம் வேறு மாதிரி தெரியும். அவர் வாங்குவது துணியை அல்ல, இன்னொருவர் கட்டக்கூடிய புடவையை. தட்டித் துவைத்து இஸ்திரி போட்டு மறுபடி விற்கக்கூடியதற்குத்தான் அவரிடம் மதிப்பு. எங்கள் தெருவுக்கு வருபவர் மூட்டையைப் பிரித்ததும் கை நேராக ஜார்ஜெட், ஷிபான், பூனம் பக்கம் போகும். சாயம் போன காட்டனை ஓரமாக ஒதுக்கி, "இதெல்லாம் கணக்குல வராதும்மா, கூட வேணா வச்சுக்கறேன்" என்பார். அந்தக் "கூட வேணா" என்ற இடத்தில்தான் ஏமாறக் கூடாது. அவருக்குக் கணக்கில் வராத அந்த நைந்த பருத்திதான் நமக்கு வீட்டில் அதிகம் பயன்படுவது. அதை உருவி உள்ளே வைத்துவிட்டு, செயற்கை நூல் புடவைகளை மட்டும் முன்னால் போடுங்கள். இருபது வருஷம் ஆனாலும் அவை சாயம் போகாது, நையாது. நமக்கு அலுத்துப்போயிருக்கும், அவ்வளவுதான். அலுத்த துணிக்கு ஒரு குழம்புச் சட்டி கிடைத்தால் லாபம்தானே.

கிடைக்கும் பாத்திரம் மெல்லிசாக இருக்கும், அடிக்கனம் எதிர்பார்க்கக் கூடாது. அடுப்பில் ஏற்றாத பொருளாகக் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம்: டப்பா, தாம்பாளம், முறம் மாதிரி. அப்புறம் இன்னொன்று. ஏற்கெனவே பாத்திரம் நிறைந்த பரண் உள்ள வீட்டில் இது ஒழிப்பதே ஆகாது, ஒரு அடைசலைக் கொடுத்து இன்னொரு அடைசலை வாங்குவதாகிவிடும்.

கொடுப்பது

இங்கே ஒரே விதி போதும்: நாம் கட்டிக்கொண்டு கடைக்குப் போக முடியாத புடவையை இன்னொருவர் கட்டுவதற்கு என்று கொடுக்கக் கூடாது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் சாலையோரங்களில் பழந்துணி மூட்டைகள் பிரிப்பாரில்லாமல் குவிந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீட்டையே இழந்து நின்றவர்களுக்கு ஊரெல்லாம் தன் கந்தலை அனுப்பியிருந்தது. அந்தக் குவியலை எடுத்துத் தரம் பிரிக்கும் வேலையைச் செய்தவர்களில் கூஞ்ச் அமைப்பும் உண்டு. 1999இல் அன்ஷு குப்தா தொடங்கிய இந்த அமைப்பு, கட்ட முடியாத பருத்தித் துணியைச் சுத்தம் செய்து மாதவிடாய்த் துணிகளாகவும் மாற்றித் தருகிறது. ஆக, கட்டக்கூடியதையும் கட்ட முடியாத பருத்தியையும் தனித்தனியாகக் கட்டிக் கொடுப்பவருக்கு இது நல்ல வழி. நமக்கு வேண்டாததை வைத்துவிட்டு வந்தால் வேண்டியவர் எடுத்துக்கொள்ளும் இடங்களும், 2017இல் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் வைத்த அன்புச் சுவர் போல, இருக்கின்றன. துவைத்து, கொக்கி ஊசி எல்லாம் எடுத்து, மடித்து வையுங்கள்.

வீட்டு வேலைக்கு வருபவரிடம் கொடுப்பதுதான் எல்லோரும் செய்வது. அதில் "வேணுமாக்கா, பிடிச்சிருந்தா எடுத்துக்குங்க, இல்லாட்டி வேண்டாம்" என்று கேட்பதற்கும், கையில் திணிப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. தீபாவளிப் புடவைக்குப் பதிலாக இதைக் கொடுப்பவர்களைப் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் கட்டுரை திசை மாறிவிடும்.

வெட்டித் தைப்பது

என் ஓட்டு பருத்திக்கும் ஊசிக்கும்தான். ஒரு பருத்திப் புடவை எவ்வளவு பழசோ அவ்வளவு நல்ல போர்வைத் துணி. கஞ்சியெல்லாம் போய், இழை தளர்ந்து, ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கும். புதுத் துணியில் நாலு அடுக்கைக் கையால் தைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், விரல் நுனி என்னவாகும் என்று.

கணக்கு இப்படி. புடவையின் அகலம் ஏறக்குறைய நாற்பத்தைந்து அங்குலம். இரண்டு புடவைகளையும் நீளவாக்கில் பாதியாக மடித்து ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் நாலு அடுக்கு, மூன்றே முக்கால் அடி அகலம், ஒன்பது அடி நீளம். ஒரு ஆள் போர்த்திக்கொள்ளத் தாராளம். வெட்டவே வேண்டாம். இருவருக்கு வேண்டுமென்றால் ஒவ்வொரு புடவையையும் நடுவில் வெட்டிப் பக்கவாட்டில் இணைத்தால் ஒரு அடுக்கு ஆகும், அப்படி மூன்று புடவைகள் வேண்டும். காட்டன் புடவை ஒன்று அரை கிலோ அளவில் இருக்கும், நனைந்தால் எடை எங்கேயோ போய்விடும். அதனால் வாஷிங் மெஷினில் போட்டுத் துவைக்க நினைப்பவர்கள் இரண்டு புடவைப் போர்வையோடு நிறுத்திக்கொள்ளலாம். நைந்த பகுதிகள் உள்ளே போகிற மாதிரியும் முந்தானை வெளியே தெரிகிற மாதிரியும் அடுக்குவதுதான் இதில் உள்ள ஒரே சாமர்த்தியம். நாலு ஓரமும் நடுவிலும் பெரிய பெரிய தையலாக ஓட்டி முதலில் நிறுத்திக்கொண்டு, அப்புறம் இரண்டு விரற்கடை இடைவெளியில் வரிசையாக ஓட்டுத் தையல் போட்டால் போதும்.

இதில் நமக்கு முன்னோடிகள் அக்கம்பக்கத்திலேயே இருக்கிறார்கள். பழந்துணிகளை அடுக்கி ஓட்டுத் தையல் போடும் வங்காளத்தின் காந்தா வேலையில் தையலுக்கான வண்ண நூலையே பழைய புடவைக் கரையிலிருந்து உருவி எடுத்தார்கள். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுப்போர்வை இன்னும் அழகு. ஓரத்திலிருந்து தொடங்கி, துண்டுகளை ஒட்டிக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள். புடவையே இல்லாமல் வெறும் ஒட்டுத்துணியில் கூட அந்த முறை எடுபடும்.

கையா, மெஷினா, டெய்லரா என்று கேட்டால்: கைத்தையல் போர்வை குழைந்து உடம்போடு ஒட்டும், ஆனால் டிவி பார்த்துக்கொண்டே தைத்தாலும் வாரக்கணக்கில் இழுக்கும். வீட்டு மெஷினில் 16ஆம் நம்பர் ஊசி போட்டு, தையலைக் கொஞ்சம் நீளமாக வைத்தால் நாலு அடுக்கு ஓடிவிடும். போர்வை சற்று விறைப்பாக வரும், பரவாயில்லை. டெய்லரிடம் கொடுப்பதென்றால் போர்வையைவிட நைட்டி, தலையணை உறை, குஷன் உறை கொடுப்பதுதான் கூலிக்குக் கட்டும். நைட்டிக்குக் கொடுக்கும்போது முந்தானைப் பக்கத்து மூன்று மீட்டரை மட்டும் வெட்டிக் கொடுங்கள். மொத்தப் புடவையையும் கொடுத்தால் கொசுவப் பகுதியைத் தோளில் வைத்துத் தைத்து, முதல் துவைப்பிலேயே கிழிந்து வரும்.

போர்வைக்குத் தேறாததைச் சதுரமாகக் கிழித்து அடுப்படியில் வையுங்கள். பிடிதுணிக்கும் மேடை துடைக்கவும் நைந்த பருத்தியை மிஞ்சின துணி கடையில் கிடையாது. ஆனால் பாலியஸ்டர் கலந்த துணியால் சூடான பாத்திரத்தைப் பிடிக்கக் கூடாது. அது ஈரத்தையும் உறிஞ்சாது, நெருப்புப் பட்டால் உருகிக் கையில் ஒட்டும். விற்காமல் மிஞ்சிய செயற்கைப் புடவைக்கு வாசல் மிதியடிதான் கதி. மூன்று விரல் அகலப் பட்டைகளாகக் கிழித்து, ஜடைபோலப் பின்னி, வட்டமாகச் சுருட்டித் தைத்தால் மண்ணை உதறி உதறி வருஷக்கணக்கில் பயன்படுத்தலாம். குளியலறை வாசலுக்கு மட்டும் வேண்டாம், கால் ஈரம் அப்படியே நிற்கும். தொட்டிச் செடி கட்டவும், அவரைக் கொடிக்குப் பந்தல் கட்டவும் அந்தப் பட்டைகள் நன்றாக உழைக்கும். தூளிக்குப் பருத்திப் புடவைதான், ஆனால் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து எங்கும் இற்றுப்போகவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு.

தைக்கும் கட்சியில் இருந்துகொண்டே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வீட்டை அடைத்துக்கொண்டிருக்கும் துணியில் பெரும்பங்கு "ஒருநாள் தைக்கலாம்" என்று எடுத்து வைத்ததுதான். இணையத்தில் யாரோ அழகாகப் பை தைப்பதைப் பார்ப்போம், உடனே ஒரு மூட்டை ஒதுக்குவோம், மூட்டை மூட்டையாகவே இருக்கும். வைக்கும் துணிக்கு ஒரு பெட்டி என்று எல்லை போடுங்கள். மூடி மூடாவிட்டால் மேலே இருப்பது பாத்திரக்காரருக்கு.

பட்டு

பட்டுப்புடவைக்கு வழி வேறு. "பழைய பட்டுப்புடவை வாங்குறது" என்று கூவிக்கொண்டு வருபவருக்கு வேண்டியது பட்டு அல்ல, ஜரிகையில் உள்ள வெள்ளி. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளி இழையைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. ஓரத்தில் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே சிவப்பு நூல் தெரிந்தால் பெரும்பாலும் அசல். செம்பு நிறம் மட்டும் தெரிந்தாலோ, பளபளப்பான தாள்போல உரிந்தாலோ அவர் வாங்க மாட்டார், வாங்கினாலும் பேருக்குத்தான் காசு. வாசலில் வருபவரிடம் முதல் விலைக்கே தலையாட்டிவிடாமல், ஜரிகை வாங்கும் கடை ஒன்றிரண்டில் கேட்டுவிட்டுக் கொடுப்பது நல்லது. வெள்ளி விலை ஏறின நாட்களில் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

விற்பதா, மாற்றித் தைப்பதா என்பதற்கு மடிப்பைப் பாருங்கள். ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் வைத்த பட்டு அந்தக் கோட்டிலேயே பிளக்கும். இரண்டு கையாலும் பிடித்து லேசாக இழுக்கும்போது பட்டு தாங்கினால் பேத்திக்குப் பாவாடையாக்கலாம், கரையைக் கீழே வைத்து, உள்ளே பருத்தி லைனிங் கொடுத்து. இழுத்ததுமே பிளந்தால் உடல் போய்விட்டது என்று அர்த்தம், கரை மட்டும் தேறும். கரையையும் முந்தானையையும் வெட்டி எடுத்து, வெற்றுப் பட்டிலோ கட்டியான காட்டனிலோ இணைத்துத் தரும் டெய்லர்கள் இருக்கிறார்கள். கூலி கொஞ்சம் கூடத்தான். கையகலக் கரை, அசல் ஜரிகை என்றால் அந்தக் கூலியைக் கொடுக்கலாம். ஒல்லிக் கரையாக இருந்தால் வெள்ளிக்கே போட்டுவிடுங்கள்.