கிணற்றுத் தண்ணீர் குடித்த ஹைலக்ஸ்

"மாமா, வண்டியில் தண்ணீர் குறைந்திருந்தது. நான் நிரப்பிவிட்டேன்."

முந்தாநாள் மாலை மருமகன் இதைச் சொன்னபோது நான் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். அவன் கையில் வாளி. எங்கே அள்ளினாய் என்று கேட்கும் தேவையே இருக்கவில்லை. பிள்ளை உதவிதான் செய்திருக்கிறான், அவனைத் திட்ட முடியாது, திட்டவுமில்லை. அப்படி அடக்கிக்கொண்ட கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். எங்காவது நியாயம் சறுக்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேறொரு காரணமும் உண்டு. வவுனியாவில் இருக்கும் பள்ளித் தோழன் போன வாரம் தொலைபேசியில் கேட்டான்: "மச்சான், கிளிநொச்சியில் ஒரு 1994 டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் விலைக்கு நிற்கிறது, எடுக்கலாமா?" 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிட்டது. ஆனால் வரியோடு விலையைக் கேட்டவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு மறுபடியும் பழைய வண்டிகளிடமே வந்து நிற்கிறார்கள். அவனும் அப்படி வந்தவன்தான். என்னுடையதும் ஹைலக்ஸ்தான், 1993ஆம் ஆண்டு டபுள் கப், அதாவது இரண்டு வரிசை இருக்கை வைத்தது. மாடல் எல்.என்.106, நான்கு சில்லும் இழுக்கும், '3எல்' என்று பெயரிட்ட டீசல் எஞ்சின், 2,779 சி.சி. பன்னிரண்டு வருடமாக என்னிடம் நிற்கிறது. வெங்காயம், புகையிலை, எரு, கல்யாணத்துக்கு வாடகைக் கதிரை, ஒரு தடவை உரலும் அம்மியும் என்று ஏற்றாத பாரமில்லை.

இந்த எஞ்சினைப் பற்றி நல்லதாகத்தான் சொல்ல வேண்டும். கணினி கிடையாது, தானாக எரியும் எச்சரிக்கை விளக்குகளும் அதிகமில்லை. ஓடுவதற்கு அதற்கு வேண்டியது டீசல், காற்று, ஓயில், சூட்டைத் தணிக்கத் தண்ணீர். முதல் மூன்றும் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். நாலாவதில் மட்டும் மன்னிப்பில்லை. அந்த நாலாவதைத்தான் யாழ்ப்பாணத்தில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

எங்கள் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் படுத்திருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டுதான் வருகிறது. கேத்தலின் அடியில் வெள்ளைப் படையாகப் பிடிப்பது அதுதான், சூடானால் கரைசலில் நிற்காமல் படிந்துவிடும். கேத்தலை வாரத்துக்கு ஒருமுறை சுரண்டலாம். எஞ்சினுக்குள் யார் சுரண்டுவது? எங்கே சூடு அதிகமோ அங்கேதான் படை தடிக்கும். எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டில் வால்வுகளைச் சுற்றியுள்ள தண்ணீர் வழிகளும், அந்தத் தண்ணீரை ஆறவைக்கும் றேடியேற்றரின் மெல்லிய குழாய்களும் இப்படித்தான் வருடக்கணக்காக ஒடுங்குகின்றன. வெளியே எதுவும் தெரியாது.

எங்களுக்கு ஒரு பெருமையும் உண்டு. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பழைய ஒஸ்ரின் கார்களை நாலு சொட்டுப் பெற்றோலில் உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் நாங்கள். புகை கண்ணைக் கரித்தாலும் கார் போய்ச் சேர்ந்தது. அந்தக் காலம் எங்களுக்குக் கைத்திறன் தந்தது. கூடவே, எதை ஊற்றினாலும் வண்டி ஓடும் என்ற ஒரு அலட்சியத்தையும் தந்துவிட்டது என்று இப்போது நினைக்கிறேன். மண்ணெண்ணெய்க்கே அசையாதது கிணற்றுத் தண்ணீருக்கா அசையும் என்று நானும்தான் எட்டு வருடம் ஊற்றினேன்.

2021 கடைசியில் வவுனியாவிலிருந்து நெல் மூட்டைகளோடு வந்துகொண்டிருந்தேன். மாங்குளம் தாண்டியதும் வெப்பமானியின் ஊசி நடுவிலிருந்து மேலே ஏறத் தொடங்கியது. வேகத்தைக் குறைத்தேன். முறிகண்டி வரை எப்படியாவது போனால் வீதியோரக் கோயிலில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு ஆறவிடலாம் என்று கணக்குப் போட்டேன். சற்று நேரத்தில் ஊசி தானாகவே கீழே இறங்கியது, அதுவும் சாதாரண அளவுக்கும் கீழே. பிள்ளையார் முன்னதாகவே அருள் புரிந்துவிட்டார் என்று மிதித்தேன். நடந்தது வேறு. கொதித்த தண்ணீர் வெளியேறிவிட்டது. உணரி தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் தண்ணீரின் சூட்டைச் சொல்லும், வெறுங்காற்றில் நின்றால் அது பொய் சொல்லும். முறிகண்டிக்கு இரண்டு கிலோமீற்றர் இருக்கும்போது எஞ்சின் இழுவை இழந்து நின்றது. பிள்ளையாரை அன்று நடந்துபோய்த்தான் கும்பிட்டேன்.

ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது இரண்டு வால்வுகளுக்கு இடையில் மயிரிழை வெடிப்பு. 3எல் சேர்ந்த இந்த எல் வகை எஞ்சின்கள் சூடேறினால் இது தெரிந்த நோய். கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையிலிருந்து வேறொரு ஹெட் வரும்வரை வண்டி மாமரத்தின் கீழ் நின்றது. அது வந்து சேர்ந்தபோது 2022 பிறந்து, டீசல் வரிசையும் தொடங்கிவிட்டது. ஓட்ட டீசல் இல்லாத வண்டியை அவசரமாகப் பொருத்தி என்ன பயன்? அந்த மாதங்களில்தான் நான் உண்மையில் இந்த வண்டியைப் படித்தேன். யூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் அட்டை முறை வந்து வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று கிடைக்கத் தொடங்கியபோது வண்டியின் முன்பக்கம் முழுவதும் சாக்கின் மேல் பரப்பிக் கிடந்தது.

முதலில் கண்டது, தெர்மோஸ்ராற் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்ததை. எஞ்சின் சூடாகும்வரை றேடியேற்றருக்குத் தண்ணீர் போகாமல் அடைத்து வைக்கும் சின்ன வால்வு அது. எனக்கு முன்போ பின்போ ஏதோ ஒரு கராஜில் "இது இருந்தால் சூடேறும்" என்று கழற்றி எறிந்திருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வரவே நேரமெடுக்கும், டீசலும் கூடச் செலவாகும். அதைக் கழற்றுவது படை பிடித்த குழாயைத் திறந்துவிடப்போவதுமில்லை. 82 பாகை என்று பொறித்த புதிய ஒன்றை வாங்கி, கொதிக்கும் தண்ணீரில் போட்டு அது திறப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே பொருத்தினேன். முதல் வாங்கியது திறக்கவே இல்லை. எந்தக் கடை என்று சொல்லமாட்டேன். இரண்டாவது திறந்தது.

றேடியேற்றர் பழைய செப்பும் பித்தளையும் சேர்ந்தது. அதனால்தான் பிழைத்தது. மேல் தொட்டியை ஈயம் உருக்கிக் கழற்றி, ஒவ்வொரு குழாயிலும் மெல்லிய தட்டைக் கம்பி விட்டுக் குத்தினோம். விழுந்த சுண்ணாம்பைத் தேங்காய்ச் சிரட்டையில் சேர்த்தேன், ஒரு சிரட்டை நிறைந்தது. வெற்றிலைக்குப் போதும் என்றார் மனைவி. புது ஹெட் பூட்டி வண்டி ஓடத் தொடங்கிய பிறகு எஞ்சின் உடலுக்குள் இருந்த படைக்குச் சிற்றிக் அமிலம் கரைத்து ஊற்றினேன். அரை மணி நேரம் ஓடவிட்டுத் திறந்துவிட்டபோது சோடாவைப்போல நுரைத்துக்கொண்டு தேநீர் நிறத்தில் வந்தது. நிறம் தெளியும்வரை ஆறு தடவை அலசினேன். பித்தளைச் செம்புக்குப் புளி போடும் வேலைதான், அளவு மட்டும் பெரிது.

பிறகு ஒரு பிழை விட்டேன். கார்த்திகை மழைத் தண்ணீரைப் பீலியில் பிடித்து அதை மட்டும் ஊற்றினேன். சுண்ணாம்பே இல்லாத தண்ணீர் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஆறு மாதத்தில் மூடியைத் திறந்தால் செம்பாட்டு மண் நிறம். எஞ்சின் உடல் வார்ப்பிரும்பு, துருத்தடுப்பு மருந்து இல்லாமல் வெறும் தண்ணீர், அது எவ்வளவு மென்மையாக இருந்தாலும், இரும்பைத் தின்னும். இப்போது பாதிக்குப் பாதி: துருத்தடுப்பு மருந்து கலந்த கூலன்ற் ஒரு பங்கு, பற்றரிக்கு ஊற்றும் வடிநீர் ஒரு பங்கு. இந்த வண்டிக்குச் செய்த மேம்பாடுகளில் நான் உண்மையாக மகிழ்ந்தது ஒன்றுதான்: றேடியேற்றரின் மேல் தொட்டியில் வைத்த சிறு முனையும் அதோடு இணைந்த மணியும். தண்ணீர் மட்டம் இறங்கினால் ஊசி என்ன பொய் சொன்னாலும் மணி கத்தும். எல்.ஈ.டி. விளக்கு, புது இருக்கை உறை எல்லாம் அழகுக்குத்தான்.

இன்னொரு மேம்பாடு என்னைக் கொல்லப் பார்த்தது. பாரத்துக்காகப் பின் அச்சைத் தாங்கும் தகட்டு வில்லில் ஒரு தகடு கூட்டினேன், பின்பக்கம் இரண்டு விரல் உயர்ந்து கம்பீரமாக நின்றது. ஒரு வாரம் கழித்து கோண்டாவிலில் ஒரு நாய் குறுக்கே வர பிரேக்கை மிதித்தால், முன் சில்லுகள் இறுகி மூக்குக் குத்தியது, பின் சில்லுகள் ஏனோதானோவென்று உருண்டன. காரணம் கண்டுபிடிக்க மூன்று மாதம் போனது. பின் அச்சிலிருந்து ஒரு கம்பி மேலே ஒரு வால்வுக்குப் போகிறது. பாரம் ஏறி உடல் தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும், உயர்ந்தால் குறைக்கும். நான் வில்லை உயர்த்தியதும் அந்த வால்வு, வண்டி எப்போதும் வெறுமையாகவே போகிறது என்று நம்பிவிட்டது. கம்பியைச் சரிசெய்ய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வில்லில் கை வைப்பவர்கள் முதலில் அந்தக் கம்பியைப் பார்க்க வேண்டும்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். காலையில் திறப்பைத் திருப்பினால் 'டிக்' என்று மட்டும் சத்தம் வந்தால், எஞ்சினைக் கிளப்பும் மோட்டாரான ஸ்ராற்றரை முழுதாக மாற்றச் சொல்வார்கள், மாற்றாதீர்கள். உள்ளே இருக்கும் இரண்டு செப்புத் துண்டுகள்தான் தேய்ந்திருக்கும். யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் அவை மட்டும் தனியாகக் கிடைத்தன, ஒரு தேநீர் ஆறுவதற்குள் மாற்றிவிட்டேன். இதைச் செய்த அன்று எனக்கு ஒரு புது வண்டி வாங்கிய சந்தோஷம். துருவைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. காரைநகருக்குக் கடல்மேல் போகும் பொன்னாலைப் பாலத்தால் அடிக்கடி போகிறவன் பின்பக்கப் பாரப் பெட்டியின் தகரத்தை இரண்டு தடவை மாற்றத்தான் வேண்டும், மாற்றினேன்.

சரி, மருமகன் ஊற்றிய தண்ணீர். நேற்றுக் காலை முழுவதையும் திறந்துவிட்டேன். விலை கொடுத்து வாங்கிய பச்சைக் கூலன்ற் வாழைக்குப் போகாமல் ஒரு கலனில் பிடித்து மூடி வைத்தேன். அது நஞ்சு, ஆடு மாடு நாய் குடித்துவிடும். அலசினேன், மறுபடி நிரப்பினேன். றேடியேற்றர் மூடியில் சிவப்பு மையால் 'கிணற்றுத் தண்ணீர் ஊற்றக் கூடாது' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். மணி ஏன் கத்தவில்லை என்று பார்த்தால், அவன் திறப்பைப் போடாமலே மூடியைத் திறந்திருக்கிறான். தண்ணீர் உண்மையில் குறைந்திருந்ததா என்பதும் சந்தேகம்தான். ஆறிய எஞ்சினில் அரை விரல் இறங்கி நிற்பது வழமை.

ஆகவே, மச்சான், உன் கேள்விக்குப் பதில்: எடுக்காதே. இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறானே என்று நினைப்பாய். முப்பது வருட வண்டிக்கு எத்தனை பேர் எந்தக் கிணற்றில் அள்ளி ஊற்றினார்களோ, அதை மூடியைத் திறந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதோடு உனக்கு முதுகு வலியும் இருக்கிறது.

அப்படியும் போய்ப் பார்ப்பாய் என்று தெரியும். பார்க்கும்போது றேடியேற்றர் பழைய செப்பா, பிளாஸ்ரிக் தொட்டி வைத்த புதியதா என்று மட்டும் கவனித்துச் சொல். செப்பு என்றால் விற்பவரிடம் ஒன்றும் பேசாதே, நான் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.