குழந்தைப் பெயர் ஆப்: எழினிக்கு 2 நட்சத்திரம்தான்

ஐந்துக்கு 2 நட்சத்திரம் போடுகிறேன், அதில் ஒன்று நடுவில் விளம்பரம் வராததற்கு. பிறக்கப்போகும் பெண் குழந்தைக்குப் பெயர் தேடத்தான் இந்த ஆப்பை இறக்கினேன். பெயரைப் போட்டால் பொருள் என்ன, எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள், எப்படிச் சொல்ல வேண்டும் என்று மூன்றையும் காட்டுமாம். நாங்கள் ஏற்கெனவே எழினி என்ற பெயரில் பாதி மனசாக இருந்தோம். அதிகம் காதில் விழாத பெயர். பிடித்ததும் அதனால்தான், தயங்கியதும் அதனால்தான்.

ஸ்பீக்கர் படத்தைத் தட்டியதும் ஒரு பெண் குரல் ரொம்ப நம்பிக்கையோடு "எஸ்...ஹினி" என்றது. ஆங்கிலத்தில் இசட், எச் போட்டு எழுதியிருப்பதை அது அப்படியே எழுத்துக்கூட்டிப் படிக்கிறது. சரி, எல் போட்டுப் பார்ப்போம் என்று மாற்றினால் "எலினி" என்று சொல்லிவிட்டு, எலெனி என்ற கிரேக்கப் பெயரின் பக்கத்தில் கொண்டுபோய் விட்டது. எலினி என்று ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் முதல் வாரமே வகுப்பு மொத்தமும் "எலி" என்று சுருக்கிவிடும், இதெல்லாம் ஆப்புக்கு எங்கே தெரியப்போகிறது. சோழமண்டலமே கோரமண்டல் ஆன பிறகு ழகரத்துக்காக யாரிடம் போய் நியாயம் கேட்பது? ஆனாலும் நாக்கு நுனியை மேலே வளைத்து அண்ணத்தைத் தொடாமல் சொல்லுங்கள், அமெரிக்கர்கள் சொல்லும் 'ர்' இதற்குக் கொஞ்சம் கிட்டே வரும் என்று ஒரே ஒரு வரி போட்டிருந்தால், தமிழ் தெரியாதவர்கள்கூட முயற்சி செய்திருப்பார்கள்.

அப்புறம் அந்த 'பிரபலம்' பகுதி. "மிக அபூர்வம்" என்று ஒரு முத்திரை, கீழே தரையோடு தரையாக ஒரு கோடு. எந்தக் கணக்கு இது என்று உதவிப் பக்கத்தில் தோண்டினால் அமெரிக்க அரசின் சோஷியல் செக்யூரிட்டி துறை வெளியிடும் குழந்தைப் பெயர்ப் பட்டியலாம். 1880-இல் தொடங்கும் நல்ல பட்டியல்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு வருடத்தில் 5 குழந்தைகளுக்காவது வைக்காத பெயரை அதில் காட்டவே மாட்டார்கள், எழுத்துக்கூட்டல் மாறினால் அதுவும் தனிப் பெயர். அங்கே ஒரு வருடம் நாலு பேர் இசட்-எச் போட்டும் மூன்று பேர் எல் போட்டும் வைத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏழு எழினிகளும் கணக்கில் காணாமல் போய்விடுவார்கள். தமிழ்ப் பெயர் எவ்வளவு புழக்கத்தில் இருக்கிறது என்று இதில் பார்ப்பது ஆற்றில் தொலைத்துவிட்டுக் குளத்தில் தேடுகிற வேலை.

பொருள் பகுதியில்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "அழகானவள்" என்று போட்டிருக்கிறார்கள். எழில் என்ற சொல்லைப் பார்த்து யாரோ ஊகித்திருக்க வேண்டும். எழினி என்றால் திரைச்சீலை. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் அரங்குக்கு ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று விதத் திரை கட்டுவதாக அரங்கேற்று காதையில் வருகிறது. போதாததற்கு, சங்கப் பாட்டில் அது ஆண் பெயர். புறநானூறு 158-இல் பெருஞ்சித்திரனார் அடுக்கும் வள்ளல்களில் ஓர் எழினி இருக்கிறார், அதியமான் மகன் பெயரும் பொகுட்டெழினி. இன்றைக்குப் பெண்ணுக்கு வைப்பதில் ஒரு தப்பும் இல்லை, ஆனால் தெரிந்து வைக்கலாமே. எங்கள் வீட்டில் திரை என்று தெரிந்த பிறகுதான் பெயர் இன்னும் பிடித்துப்போனது, அது வேறு விஷயம்.

இரண்டாவது நட்சத்திரம், நம் குரலிலேயே பெயரைப் பதிந்து அனுப்பும் வசதிக்கு. பதிந்து எல்லாருக்கும் அனுப்பினேன். கேட்டுவிட்டுப் பெரியப்பா "எளினி, நல்லா இருக்கு" என்றார். ஆப்பை மட்டும் திட்டி என்ன பயன்! பழத்தைப் பயம் என்று சொல்லும் பக்கத்து வீட்டு அண்ணன் "எயினி" என்றார். முதலில் சிரித்தேன், அப்புறம்தான் குறமகள் இளவெயினி என்று புறநானூற்றில் ஒரு பெண் புலவரே இருக்கிறார் என்பது நினைவுக்கு வந்தது. அதையும் ஆப்பில் போட்டுப் பார்த்தேன். "நீங்கள் தேடியது எலைனாவா?" என்று கேட்டது.