மவுன்ஜாரோ வாராந்திர ஊசி: பயன்படுத்துபவரின் மதிப்புரை

உடல் எடையைக் குறைப்பதற்காக மருத்துவர்கள் சீட்டில் எழுதித் தரும் பசியடக்கி மருந்துகளில் இப்போது அதிகம் பேசப்படுவது எலி லில்லி நிறுவனத்தின் மவுன்ஜாரோ. 2025 மார்ச்சில் இந்தியச் சந்தைக்கு வந்த இந்த ஊசியை, சர்க்கரை நோயும் உடற்பருமனும் சேர்ந்தே இருக்கும் ஒருவன் என்ற முறையில், சென்னையில் ஒரு சர்க்கரை நோய் நிபுணரின் கண்காணிப்பில் பயன்படுத்தி வருகிறேன். கேட்கிறவர்கள் எல்லோரும் எத்தனை கிலோ குறைந்தது என்றுதான் கேட்கிறார்கள். அளவை எவ்வளவு பொறுமையாக ஏற்றினார்கள், அதற்குமுன் என்னென்ன பார்த்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. இந்த மருந்து ஒருவருக்கு நன்மையாக முடிவதும் தொல்லையாக முடிவதும் பெரும்பாலும் அங்கேதான் தீர்மானமாகிறது.

பசியடக்கி என்ற பேச்சை எடுத்தாலே மூத்த மருத்துவர்கள் சிலர் தயங்குவதற்குக் காரணம் உண்டு. பழைய பசியடக்கியான ஃபென்ஃபுளூரமின் இதய வால்வுகளைக் கெடுக்கிறது என்று தெரிந்து 1997-இல் திரும்பப் பெறப்பட்டது. மாரடைப்பு, பக்கவாத அபாயத்தைக் கூட்டுகிறது என்பதால் சிபுட்ரமின் 2010-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிறுத்தப்பட்டது. இந்தியாவும் அதைத் தடை செய்தது. புற்றுநோய் ஐயத்தால் லோர்காசெரின் 2020-இல் போனது. இவை மூளையின் வேதிப்பொருள்களைத் தூண்டிப் பசியைக் குறைத்தவை. மவுன்ஜாரோவில் உள்ள டிர்செபடைடு வேறு வழியில் செல்கிறது. உணவு உண்டதும் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1, ஜிஐபி என்னும் இரண்டு ஹார்மோன்களின் வேலையை அது செய்கிறது. இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. போதும் என்ற உணர்வை முன்கூட்டியே தருகிறது. வழி வேறு என்பதற்காக ஆபத்தே இல்லாத மருந்து என்று எண்ணிவிட முடியாது.

எடைக் குறைப்புக்கு இதை எழுதுவதற்கான வரையறை தெளிவானது: பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் குறியீடு) 30 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், அல்லது 27 அல்லது அதற்கு மேல் இருந்து, சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்ற எடை சார்ந்த கோளாறு ஒன்றாவது உடன் இருக்க வேண்டும். கல்யாணத்துக்குள் ஐந்து கிலோ குறைய வேண்டும் என்று கேட்டு வருபவர்களுக்கான மருந்து இதுவன்று. என்னுடைய மருத்துவர் சீட்டு எழுதுவதற்கு முன்பே குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்ததா, கணைய அழற்சி வந்ததுண்டா, பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று கேட்டார். சிறுநீரகச் செயல்பாட்டுக்கான இரத்தப் பரிசோதனையும் விழித்திரைப் பரிசோதனையும் எழுதினார். அந்த வகைத் தைராய்டு புற்றுநோய் தமக்கோ குடும்பத்தாருக்கோ இருந்தால் இந்த மருந்தைத் தொடவே கூடாது. தைராய்டு குறைவாகச் சுரப்பதற்காக மாத்திரை எடுத்துக்கொள்பவர்களும் இதைக் கேட்டுப் பயந்துபோகிறார்கள். அது வேறு கோளாறு, அதற்கு இந்தத் தடை இல்லை.

இன்னொன்றும் அப்போதே நடந்தது. சர்க்கரைக்காக நான் எடுத்துவந்த கிளிமிபிரைடு மாத்திரையின் அளவைப் பாதியாகக் குறைத்தார். மவுன்ஜாரோ தனியாகச் சர்க்கரையை மிகவும் கீழே இறக்குவது அரிது. ஆனால் கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளோடோ இன்சுலினோடோ சேரும்போது தாழ்சர்க்கரை வரும் வாய்ப்பு கூடுகிறது. நம் ஊரில் இந்த மாத்திரை இல்லாத சர்க்கரைச் சீட்டைப் பார்ப்பதே அபூர்வம் என்பதால், பழைய மருந்துகளின் பட்டியலைக் கேட்காமலேயே ஊசியை எழுதித் தரும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவதே நல்லது.

முதல் நான்கு வாரங்களுக்கு 2.5 மில்லிகிராம். இது உடலைப் பழக்குவதற்கான அளவுதான். எடை குறைவதை இதில் எதிர்பார்க்கக் கூடாது. பிறகு 5. அதன்மேல் ஏற்றுவதானால் ஒவ்வொரு படிக்கும் குறைந்தது நான்கு வாரம் இடைவெளி விட்டு 2.5 வீதம், உச்சமாக 15 மில்லிகிராம் வரை. குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் ஆகியவை அளவை ஏற்றும் காலத்தில்தான் அதிகம் தலைகாட்டுகின்றன. ஆகவே 5-இலேயே எடை இறங்கிக்கொண்டிருந்தால் 7.5-க்கு அவசரப்படத் தேவையில்லை என்பது என் மருத்துவரின் நிலைப்பாடு. எனக்கும் அதுவே சரியாகப் பட்டது.

நான் பயன்படுத்துவது ஒருமுறைக்கு உரிய சிறு கண்ணாடிக் குப்பி. உள்ளே அரை மில்லிலிட்டர் தெளிந்த திரவம் இருக்கிறது. முழுவதையும் சிரிஞ்சில் இழுத்து, தொப்புளிலிருந்து சற்றுத் தள்ளி வயிற்றிலோ தொடையிலோ தோலுக்கடியில் போட வேண்டும். சிரிஞ்சு வாங்கும்போது கவனம் தேவை. நம் மருந்துக்கடைகளில் சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் இன்சுலின் சிரிஞ்சும், ஆரஞ்சு மூடி போட்ட 100 யூனிட் சிரிஞ்சும் அடுத்தடுத்து இருக்கும். அரை மில்லிலிட்டர் என்பது ஆரஞ்சில் 50-ஆம் கோடு, சிவப்பில் 20-ஆம் கோடு. எத்தனை யூனிட் என்று பக்கத்து வீட்டாரிடம் கேட்டுப் போட்டுக்கொள்வது எவ்வளவு விபரீதம் என்பது இதிலிருந்தே விளங்கும். பெரிய அளவுக் குப்பி ஒன்றை வாங்கி இரண்டு மூன்று வாரங்களுக்குப் பிரித்துப் போட்டால் பணம் மிச்சம் என்ற யோசனையும் உலவுகிறது. இந்தக் குப்பியில் கிருமி வளராமல் காக்கும் பொருள் சேர்க்கப்படவில்லை. மிச்சத்தை எறிந்துவிட வேண்டும்.

பசி எப்படி அடங்குகிறது என்று சொல்ல வேண்டுமானால், மாலை நான்கு மணிக்குக் கால்கள் தாமாக டீக்கடைப் பக்கம் திரும்பியது நின்றுபோனது என்பேன். இரண்டு இட்லியில் வயிறு நிறைந்துவிடுகிறது. இதில் ஒரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. கொஞ்சமே சாப்பிடுகிறோம், அந்தக் கொஞ்சமும் சோறாகவே இருந்தால் தசை கரையும். இந்த மருந்தைப் பற்றி 2022-இல் வெளியான சர்மவுன்ட்-1 ஆய்வில் 15 மில்லிகிராம் எடுத்துக்கொண்டவர்களின் எடை 72 வாரங்களில் சராசரியாக 20.9 சதவீதம் குறைந்தது. மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களுக்கு 3.1 சதவீதம். அவர்கள் எல்லோருமே உணவுக் கட்டுப்பாட்டையும் உடற்பயிற்சியையும் கடைப்பிடித்தவர்கள் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. குறைந்த எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கொழுப்பல்லாத திசு என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. எனவே முட்டை, சுண்டல், பருப்பு, மீன் ஆகியவற்றை முதலில் தின்றுவிட்டுச் சோற்றுக்கு வருவதும், வாரத்தில் சில நாள்களாவது பளு தூக்குவதும் சிகிச்சையின் பகுதியே. பந்தியில் பாயசம்வரை பழைய கணக்கில் உண்டால், இரைப்பை மெதுவாகக் காலியாகும் நிலையில், அன்றிரவு தூக்கம் இருக்காது.

சாதாரணக் குமட்டலைப் பொறுத்துக்கொள்ளலாம். மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பரவும் விடாத வலி கணைய அழற்சியாக இருக்கலாம். வலது விலாவுக்குக் கீழே வலியும் காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் பித்தப்பையின் வேலையாக இருக்கலாம். இரண்டுக்கும் அடுத்த ஊசியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாந்தியும் பேதியும் நீடித்தால் உடலில் நீர் வற்றிச் சிறுநீரகம் பாதிக்கப்படும். எண்டோஸ்கோப்பியோ அறுவைச் சிகிச்சையோ இருந்தால் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் பட்டினி இருந்தும் வயிற்றில் உணவு மிஞ்சியிருக்கலாம். கருத்தடை மாத்திரை எடுத்துக்கொள்ளும் பெண்களுக்கு, ஊசியைத் தொடங்கிய பின்னும் ஒவ்வொரு முறை அளவை ஏற்றிய பின்னும் நான்கு வாரங்களுக்கு ஆணுறை போன்ற கூடுதல் பாதுகாப்பு தேவை. அந்த மாத்திரையின் பலன் குறையக்கூடும். இதைச் சொல்லாமல் விடும் மருத்துவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது வியப்பாக இருந்தது.

மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சியில் வைக்க வேண்டும். ஃபிரிட்ஜுக்கு வெளியே 30 டிகிரிக்கு மிகாமல் 21 நாள்கள் தாங்கும் என்பது விதி. சென்னையின் மே மாதத்தில் 30 டிகிரி என்பது ஏசி அறைக்குள் மட்டுமே கிடைக்கும். உறைந்துபோன மருந்தும் பயன்படாது, ஆகவே ஃப்ரீஸருக்கு அருகில் வைக்கக் கூடாது. இணையவழிக் கடை ஒன்றிலிருந்து ஒருமுறை வரவழைத்தபோது பெட்டிக்குள் ஐஸ் பேக் வெதுவெதுப்பான தண்ணீராகக் கிடந்தது, திருப்பி அனுப்பிவிட்டேன். இப்போது தெருமுனைக் கடையிலேயே வாங்குகிறேன். “ஐஸ் டப்பா கொண்டு வந்திருக்கீங்களா சார்?” என்று கேட்ட பிறகே குப்பியை எடுத்துத் தருகிறார் கடைக்காரர்.

செலவைச் சொல்லாமல் எந்த மதிப்புரையும் நேர்மையாகாது. அறிமுகமானபோது 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375 ரூபாய்; நான்கு வாரத்துக்கு 14,000, 17,500 என்று கணக்கு வந்தது. நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைத் தொடங்கும் முன்பே யோசிக்க வேண்டும். சர்மவுன்ட்-4 ஆய்வில் 36 வாரம் மருந்து எடுத்த பிறகு நிறுத்தப்பட்டவர்களுக்கு, அடுத்த ஓராண்டில் எடை சராசரியாக 14 சதவீதம் மீண்டும் ஏறியது. இரத்த அழுத்த மாத்திரையைப் போல நீண்டகாலம் தொடர வேண்டியது என்று ஏற்றுக்கொண்டு, அதற்கான வருமானமும் இருந்தால்தான் தொடங்கலாம் என்பேன். மூன்று மாதம் போட்டுப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குப்பியா, மருந்து நிரப்பிய பேனா வடிவ ஊசியா என்று கேட்பவர்களுக்கு: 2025 ஆகஸ்டில் வந்த குவிக்பென்னில் நான்கு வாரத்து ஊசியும் ஒரே பேனாவில் இருக்கிறது; சிரிஞ்சுக் கோட்டைப் பார்க்கும் வேலை இல்லை. கண் பார்வை மங்கியவர்களுக்கும் கை நடுங்குபவர்களுக்கும் அதுவே ஏற்றது. ஆனால் ஒவ்வொரு முறையும் புது ஊசிமுனை மாட்ட வேண்டும், வீட்டில் இன்னொருவர் இதே மருந்தை எடுத்தாலும் பேனாவைப் பகிரக் கூடாது. முதல் மாதம் ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க வாரம் ஒரு குப்பியாக வாங்குவதே கைக்கு அடக்கம். ஒத்துக்கொள்ளாமல் போனால் மீதி மூன்று வாரத்துப் பணமாவது மிஞ்சும்.