பினாங்கா, அந்தமானா, உஜோங் சாலாங்கா? கம்பெனியின் துறைமுகத் தேர்வு

பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன் நகரம் ஏன் இந்த முனையில் எழுந்தது என்று கேட்டால், ஆங்கிலேய வணிகர் பிரான்சிஸ் லைட் 1786-ல் வந்து இறங்கினார் என்று சொல்லிப் பலரும் முடித்துவிடுகிறோம். கிழக்கிந்தியக் கம்பெனியின் முன்னே அப்போது வேறு சில இடங்களும் இருந்தன. அவற்றோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் பினாங்கின் தகுதியும் குறையும் பிடிபடும்.

கம்பெனியின் தேவை சென்னையிலிருந்து தொடங்குகிறது. அங்கே அப்போது துறைமுகம் கிடையாது. திறந்த கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து ஆளும் சரக்கும் மசூலாப் படகுகளில் அலை தாண்டித்தான் கரை சேர்ந்தன. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று எழுந்தால் அதுவும் நடவாது. 1782-ல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேன் திரிகோணமலையைப் பிடித்துக்கொண்ட பின், ஆங்கிலேயக் கப்பல்கள் பழுதுபார்க்கப் பம்பாய் வரை சுற்றிப் போக வேண்டியிருந்தது. சுஃப்ரேனோ சுமத்ராவின் வடமுனையிலுள்ள ஆச்சேயில் ஒதுங்கித் தம் கப்பல்களைச் செப்பனிட்டுக்கொண்டார். எனவே வங்கக் கடலின் கிழக்குக் கரையில் காற்றுக்கு ஒதுங்க ஓர் இடமும், சீனாவுக்குப் போகும் வணிகக் கப்பல்களுக்கு வழியில் ஒரு தங்குதுறையும் கம்பெனிக்கு வேண்டியிருந்தன.

ஆச்சே சுல்தானிடம் இடம் பெறும் முயற்சி பலிக்கவில்லை. சிங்கப்பூருக்குத் தெற்கேயுள்ள ரியாவை 1784-ல் டச்சுக்காரர்கள் கைப்பற்றிவிட்டார்கள். இவ்விரண்டையும் இத்தோடு விட்டுவிடலாம்.

உஜோங் சாலாங், அதாவது இன்றைய புக்கெட், அப்படி ஒதுக்கக்கூடியதன்று. லைட் அங்கே பல ஆண்டுகள் வணிகம் செய்தவர். அதைக் கம்பெனிக்குப் பரிந்துரைத்தவரும் அவரே. பினாங்கைவிடப் பெரிய அத்தீவில் வெள்ளீயமும் நிறைய இருந்தது. ஆனால் அது சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையிலான போர்க்களத்தில் கிடந்தது. 1785-86-ல் பர்மியப் படை அதை முற்றுகையிட்டது. அதைக் காக்கப் பெரிய படை வேண்டும், கம்பெனியோ செலவுக்கு அஞ்சியது. பினாங்கை, அதன் எதிர்க்கரையிலிருந்த கெடா நாட்டின் சுல்தானே தர முன்வந்தார். சயாம் தாக்கினால் ஆங்கிலேயர் துணைக்கு வர வேண்டும் என்பதே அவர் எதிர்பார்த்த விலை. அந்த வாக்குறுதியைக் கொடுக்காமலே கம்பெனி தீவை எடுத்துக்கொண்டது. பினாங்கு மலிவாகக் கிடைத்தது என்று எழுதுவோர், யாருடைய செலவில் மலிவு என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். 1791-ல் தீவை மீட்க எதிர்க்கரையிலுள்ள பிறை என்ற ஊரில் சுல்தான் திரட்டிய படையை லைட் முந்திக்கொண்டு தாக்கிய பிறகுதான், ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி என்று உடன்படிக்கை ஆயிற்று.

என் பார்வையில் உண்மையான போட்டி அந்தமானோடுதான். 1789-ல் கம்பெனியின் கடற்படை அதிகாரி ஆர்ச்சிபால்டு பிளேர் அங்கே குடியேற்றம் தொடங்கிய துறை நிலம் சூழ்ந்தது, ஆழமானது. கப்பலோட்டியின் கண்ணுக்கு அது பினாங்குக்குச் சற்றும் இளைத்ததன்று. பினாங்கிலும் இயற்கை கைகொடுக்கத்தான் செய்தது: மேற்கே 800 மீட்டருக்கு மேல் உயர்ந்த மலை தென்மேற்குக் காற்றைத் தடுக்கிறது, கிழக்கே கெடா நிலப்பரப்பு அரணாக நிற்கிறது. இன்றும் பட்டர்வொர்த் பெர்ரியில் ஏறுபவருக்கு மழைக்காலத்திலும் பெரிய ஆட்டம் தெரிவதில்லை. காய்ச்சலும் இரண்டுக்கும் பொது. காடும் சதுப்புமாயிருந்த பினாகா முனையில் நிபோங் மரங்களை நட்டு முதல் கோட்டையை எழுப்பிய லைட்டே 1794-ல் காய்ச்சலில் இறந்தார். அந்தமான் குடியேற்றம் 1792-ல் வடக்கே வேறொரு துறைக்கு மாறியும் நோய் விடவில்லை. 1796-ல் அதை மூடி, கைதிகளைப் பினாங்குக்கே அனுப்பினார்கள்.

வேறுபாட்டை நீரின் ஆழத்தில் தேடிப் பயனில்லை, எதிர்க்கரையில்தான் தேட வேண்டும். அந்தமானுக்கு அரிசி கப்பலில் வந்தாக வேண்டும். பினாங்குக்கோ குறுகிய கடற்கால்வாய்க்கு அப்பால் கெடாவின் வயல்கள். கெடாத் துறைகளில் நெடுங்காலமாக வணிகம் செய்துவந்த சூலியா எனப்பட்ட தென்னிந்தியத் தமிழ் முஸ்லிம்கள், சுங்கமில்லாத புதுத் துறைக்குக் கடை விரிக்க வந்தார்கள். 1790-களில் லைட் தந்த கணக்கில், தீவில் குடியிருந்த சூலியர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர். அவர்கள் தவிர, சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல்களில் ஆண்டுதோறும் வந்துபோனவர்கள் 1,300 முதல் 2,000 பேர். லைட் பீரங்கியில் வெள்ளி நாணயங்களை இட்டுக் காட்டுக்குள் சுட்டு மரம் வெட்ட ஆசை காட்டினார் என்ற கதையைப் பள்ளிப்பிள்ளைகளுக்கு இன்றும் சொல்கிறோம். அதைவிட இந்தக் கணக்குதான் நகரம் எழுந்த விதத்தைச் சொல்கிறது.

கடற்படைத் தளம் என்ற முதல் நோக்கத்தில் பினாங்கு தோற்றது. 1805-ல் அதைத் தனி மாகாணமாக உயர்த்திக் கப்பல் கட்டும் தளத்துக்குத் திட்டமிட்டும், ஏற்ற மரம் கிடைக்காமல் கைவிட்டார்கள். 1819-ல் கம்பெனி அதிகாரி ராஃபிள்ஸ் தேர்ந்த சிங்கப்பூர், சீனக் கடலுக்கும் மலாக்கா நீரிணைக்கும் வாசலில் இருந்தது. அந்த இட வசதியோடு வடகோடியில் இருக்கும் பினாங்கு போட்டியிட முடியாது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களின் தலைநகரம் 1832-ல் சிங்கப்பூருக்கு மாறியது. ஆயினும் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றி வந்த ரஜூலா கப்பல், 1970-களின் தொடக்கம் வரை மலாயாக் கரையில் முதலில் தொட்ட துறை பினாங்குதான்.