பழைய டெஸ்க்டாப்பில் எதைப் போடுவது: விண்டோஸ் 11-ஆ, லினக்ஸ் மிண்டா?

மண்டபத்தில் மச்சானின் ஐஸ் கடையில் இருப்பது இன்டெல் 3-ஆம் தலைமுறை ஐ3 பிராசசர் போட்ட டெஸ்க்டாப். உப்புக்காற்றில் பின்பக்கத் திருகெல்லாம் துருவேறி, கழற்றும்போதே பொடிப்பொடியாக உதிர்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. சரி, அடுத்து என்ன?

விண்டோஸ் 11 கேட்பது யூஇஎஃப்ஐ (கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருள், பழைய பயாஸுக்குப் பதிலாக வந்தது), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் வசதி), டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் சிப்), இன்டெல் பிராசசர் என்றால் குறைந்தது 8-ஆம் தலைமுறை. இந்த போர்டில் டிபிஎம் சிப்பே கிடையாது, பயாஸ் அப்டேட் செய்தாலும் இல்லாதது முளைக்காது. ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளில் இன்ஸ்டால் பென்டிரைவ் தயாரித்தால் அந்தச் சோதனைகளைத் தாண்டி ஏற்றிவிடலாம், ஏறவும் செய்தது, ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை, ஆண்டுதோறும் வரும் புதிய பதிப்பை நாமேதான் கையால் ஏற்ற வேண்டும். இன்னும் பழைய கோர் 2 டுவோ பிராசசர் என்றால் அதுவும் நடக்காது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு கேட்கும் பாப்கவுண்ட் என்ற பிராசசர் கட்டளை அந்த பிராசசரில் இல்லை, பூட்டே ஆகாது.

லினக்ஸ் மிண்ட் இலவச இயங்குதளம். அதன் 22-ஆம் பதிப்பு பழைய பயாஸிலேயே பூட் ஆகும், 2029 வரை பாதுகாப்பு அப்டேட்டும் உண்டு. பில் போடும் மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும்தான் என்றால் சிரமம். மச்சான் வைத்திருப்பது எக்செல் கணக்கு, அது லிப்ரே ஆபிஸ் என்ற இலவச மென்பொருளில் அப்படியே திறந்தது. மிண்ட்தான் போட்டுக் கொடுத்தேன். பிரிண்டர் மட்டும் அரை மணி நேரம் வேலை வாங்கியது.