வேர்ட்பிரஸும் பெயரில்லாத ஒரு வரியும்

தன் அச்சகத்துக்கு இணையதளம் தொடங்கவிருக்கும் நண்பர், இணையதளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளை நம்பலாமா என்று சென்ற வாரம் கேட்டார். 2014 முதல் அதில்தான் என் தளத்தை நடத்திவருகிறேன். ஆயினும் ‘ஆம்’ என்று சொல்ல வாய் வரவில்லை.

வேர்ட்பிரஸின் மூல மென்பொருளின் மேல் எனக்குக் குறையில்லை. 2015 ஏப்ரலில், வாசகர் இடும் மறுமொழி வழியாக ஸ்கிரிப்டை, அதாவது உலாவி இயக்கும் சிறு நிரலைப் புகுத்தக்கூடிய ஓட்டை 4.2 பதிப்பில் வெளிப்பட்டது. 64 கிலோபைட்டைத் தாண்டிய மறுமொழியின் வாலைத் தரவுத்தளம் நறுக்கிவிட, வடிகட்டியபோது சாதுவாக இருந்த குறி, முனை அறுந்ததும் வேறு பொருள் கொண்டு, பார்ப்பவரின் உலாவியில் இயங்கியது. அம்மாதம் 27ஆம் தேதியே 4.2.1 வந்தது, தானியங்கிப் புதுப்பிப்பின் புண்ணியத்தில், நான் ஒன்றும் செய்யாமலே என் தளம் சரியாகிவிட்டது.

என் கோபமெல்லாம் தொடர்புப் படிவத்துக்காக நிறுவிய ஒரு செருகுநிரலின், அதாவது வேர்ட்பிரஸோடு சேர்க்கப் பிறர் எழுதிய ஒரு துணை நிரலின் மீதுதான். அதன் பெயர் இங்கே வேண்டாம். நிர்வாகப் பக்கத்தில், வந்திருந்த செய்திகளின் பட்டியலில் ஒரு வரியில் மட்டும் பெயர்க் கட்டம் காலியாக இருந்தது. எவரோ பெயரெழுத மறந்துவிட்டார் என்று கடந்துவிட்டேன். மறுநாள் பயனர் பட்டியலில், நான் உருவாக்காத நிர்வாகி ஒருவர் வீற்றிருந்தார். தரவுத்தளத்தை நேரடியாகக் காட்டும் பிஎச்பிமைஅட்மின் கருவியில் அந்த வரியைத் திறந்தபோதுதான், பெயருக்குரிய இடத்தில் ஸ்கிரிப்ட் குறியும் வேற்றுத் தளம் ஒன்றின் முகவரியும் இருக்கக் கண்டேன். உலாவி அதை எழுத்தாகக் காட்டாமல் கட்டளையாக நிறைவேற்றியதால்தான் கட்டம் காலியாகத் தெரிந்திருக்கிறது. அப்போது நிர்வாகியாக உள்நுழைந்திருந்தவன் நான் என்பதால், என் அதிகாரத்தைக் கொண்டே அது புதிய கணக்கைத் திறந்துகொண்டது. கடவுச்சொல்லை எவரும் திருடவில்லை. திருட வேண்டிய தேவையும் இல்லை.

ஸ்கிரிப்ட் குறியைத் தொடங்கி முடிக்கும் கோணக் குறிகளை (< >), திரையில் காட்டுமுன் வெற்றெழுத்தாக மாற்றும் செயற்கூறை வேர்ட்பிரஸே தருகிறது. அதை அழைக்க நிரலில் ஒரு வரி போதும்! செருகுநிரலை எழுதியவர்கள், தாங்கள் விட்டுவிட்ட அந்த ஒரு வரியைச் சேர்த்து வெளியிட்ட பதிப்பின் குறிப்பில் ‘சிறு மேம்பாடுகள்’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அந்தப் பதிப்பு வந்து இரண்டு மாதமாகியும் நான் நிறுவாமல் இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். செருகுநிரல்களுக்குத் தானியங்கிப் புதுப்பிப்பை நான் இயக்கி வைத்திருக்கவில்லை.

அதன்பின் பதினொரு செருகுநிரல்களை நான்காகக் குறைத்துக்கொண்டு, வேர்ட்பிரஸிலேயே தொடர்கிறேன்; மாறும் எண்ணமும் இல்லை. நண்பரிடம் மட்டும், அச்சகத்துக்கு பின்னால் மென்பொருள் ஏதும் இயங்காத வெறும் ஹெச்டிஎம்எல் பக்கங்கள் நான்கு போதும், தொலைபேசி எண்ணைப் பெரிதாகப் போடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.